மூன்று கட்டில், ஒரு ஜன்னல்

பெட்டியைப் பிரிக்கும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள். கோடம்பாக்கத்தில் 'த்ரீ ஷேரிங்' என்று காட்டப்படும் அறை பெரும்பாலும் 10-க்கு 10 அடி இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் 10-க்கு 12. இரும்புக் கட்டில் ஒன்று 6 அடி நீளம், 2½ அடி அகலம். மூன்றும் சேர்ந்து 45 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். பீரோ நிற்கும் இடம் 5 சதுர அடிதான். ஆனால் அதன் கதவு திறக்க முன்னால் இன்னும் ஒன்றரை அடி வேண்டும். அறைக்கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் அங்கேயும் ஒரு மூலை போயிற்று. மிச்சமிருக்கும் இடத்தில்தான் மூன்று பேர் நடக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், செமஸ்டருக்குப் படிக்க வேண்டும்.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தவர்கள் ஒரு தவறைச் செய்ய மாட்டார்கள்: மேஜை வாங்க மாட்டார்கள்.

ரங்கராஜபுரம், டிரஸ்ட்புரம், யுனைடெட் இந்தியா காலனிப் பக்கம் இருக்கிற விடுதிகளில் பல, குடும்பம் இருந்த வீடுகள்தான். ஹாலைப் பிளைவுட் வைத்து இரண்டாகத் தடுத்திருப்பார்கள். பால்கனிக்குக் கதவு போட்டு அதையும் ஓர் அறை ஆக்கியிருப்பார்கள். மீனாட்சி மகளிர் கல்லூரிக்கு வருகிற பெண்களும், ஒரு ஸ்டேஷன் தள்ளி நுங்கம்பாக்கத்தில் லயோலாவுக்குப் போகிற பையன்களும், பவர் ஹவுஸ் பக்கம் ஏதோ ஒரு கோச்சிங்கில் சேர்ந்தவர்களும் வந்து இறங்குவது இந்த அறைகளில்தான். வாலிபர்கள் சின்ன அறையில் கூட்டமாக வாழ்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1948-இல் ஏவி.எம். ஸ்டூடியோ காரைக்குடியிலிருந்து இங்கே பெயர்ந்து வந்தது. வாஹினி, பரணி என்று சுற்றிலும் ஸ்டூடியோக்கள். வாய்ப்புத் தேடி வந்தவர்கள் கிடைத்த அறையில் தங்கினார்கள். கவிஞர் வாலியும் நாகேஷும்கூட ஆரம்ப நாட்களில் தி.நகர் கிளப் ஹவுஸில் ஒரே இடத்தில் காலம் தள்ளியவர்கள்தான். அவர்களிடம் சாமான் குறைவாக இருந்தது. உங்களிடம் லேப்டாப், இரண்டு சார்ஜர், நான்கு ஜோடி செருப்பு, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு எல்லாம் இருக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு விஷயம் பாருங்கள். தடுப்பு போட்டபோது ஜன்னல் எந்தப் பக்கம் போயிற்று? சில அறைக்கு முழு ஜன்னல், சில அறைக்குப் பாதி, சிலதுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் மட்டும். ஜன்னல் இல்லாத அறையை வாடகை ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று எடுக்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் எதுவும் அந்த அறையில் பலிக்காது. பெண்கள் விடுதி என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் எடுத்திருக்கிறார்களா? கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உரிமம் உள்ளவர்கள் பெரும்பாலும் அதைச் சட்டம் போட்டு வரவேற்பு மேஜைக்கு மேலேயே மாட்டியிருப்பார்கள்.

முதலில் ஈரம்

அறை அடுக்குவது பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களும் வீடியோக்களும் சொல்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் பெட்டிக்குள் போடு, மூடு, கட்டிலுக்கு அடியில் தள்ளு. குளிர்ந்து காய்ந்த ஊருக்கு அது சரி. சென்னையில் மூடி வைத்த பெட்டி அக்டோபரில் வாடை பிடிக்கும், நவம்பரில் பூஞ்சை பிடிக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டுகிறது. மற்ற மாதங்களில் கடல் பக்கத்துக் காற்றே ஈரத்தைச் சுமந்து வரும். ஆகவே இங்கே அறை அடுக்குவது என்றால் நனைந்ததையும் நனையாததையும் பிரித்து வைப்பதுதான் முதல் வேலை. அது நடந்துவிட்டால் மற்றதெல்லாம் அரை நாள் வேலை.

நனைந்த பொருள்களில் மோசமானது டவல். வீட்டிலிருந்து கொண்டுவரும் தடித்த துருக்கி டவல் ஒரு நாளில் காயாது. மூன்று பேர், மூன்று டவல், ஒரு மூடிய அறை. காலையில் அவை விடுகிற நீரெல்லாம் மாலைக்குள் உங்கள் தலையணைக்கும் நோட்டுக்கும் போய்ச் சேரும். ஈரிழைத் துண்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிசு, விலை குறைவு, ஃபேன் காற்றிலேயே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், மடித்தால் கைக்குட்டை அளவுக்குச் சற்று மேல். துருக்கி டவலை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கொடி எங்கே கட்டுவது என்பது அடுத்தது. அறையின் நடுவில் குறுக்காகக் கட்டுவதுதான் வழக்கம். அதனால் ஃபேன் காற்று துணியில் மோதித் திரும்பும், கட்டிலில் படுத்திருப்பவருக்குப் புழுக்கம் மட்டும் மிஞ்சும். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் வரை, சுவரை ஒட்டினாற்போல் கட்டுங்கள். ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். உள்ளாடையும் துண்டும் மட்டும் அறைக்குள். ஜீன்ஸ், பெட்ஷீட் எல்லாம் மொட்டை மாடிக்கு. மாடிக் கதவை மாலை ஆறு, ஏழு மணிக்குப் பூட்டிவிடும் விடுதிகள் நிறைய. அதனால் துவைக்கிற நாளைக் காலை வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிளிப்பு போடாத துணி பக்கத்து வீட்டு ஷெட் கூரையில் கிடக்கும். அதை எடுத்துத் தரச் சொல்லி அந்த வீட்டுப் பாட்டியிடம் கெஞ்சுவது தனிக் கலை.

கோடையில் மதியத்துக்குமேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். கிழக்கு ஜன்னல் கிடைத்தவர்கள் அதற்கு முன்னால் பீரோவையோ புத்தக அடுக்கையோ வைத்து அடைக்கக் கூடாது. மே, ஜூனில் மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாக வரும், சில நாள் வரவே வராது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் கத்திரி நாட்களில் ராத்திரி பத்து மணிக்கும் கூரைத்தளம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த மாதம் கட்டிலை விட்டுத் தரையில் கோரைப்பாயில் படுப்பதுதான் புத்தி. பாயைக் காலையில் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் இடமும் கேட்காது.

எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பெயின்ட் பொரிந்திருக்கும், அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அந்தச் சுவரில் புத்தகமோ மெத்தையோ சாயக் கூடாது. பீரோ அங்கேதான் நின்றாக வேண்டும் என்றால் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி நிறுத்துங்கள்.

பீரோவில் அந்துருண்டை போடும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. தூங்குகிற அறை, சின்ன அறை, ராத்திரி ஜன்னல் சாத்துகிற அறை என்றால் வேண்டாம். நாப்தலீன் ஆவி தலைவலி தரும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தத்தின் சிவப்பணுக்களையே சிதைக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பலருக்குத் தெரிவதும் இல்லை. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்து, மாதம் ஒருமுறை பீரோவைத் திறந்து போட்டு ஃபேனை ஓடவிட்டால் போதும். விஸ்காம் படிப்பவர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டுவது இதைவிடப் பெரிய தப்பு. லென்ஸில் பூஞ்சை படர்ந்தால் துடைத்து எடுக்க முடியாது. காற்றுப் புகாத ரப்பர் விளிம்பு டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் சூடுபடுத்தி மறுபடி பயன்படுத்தலாம்.

வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பது இந்த ஊரில் தவிர்க்க முடியாதது. மோட்டார் எப்போது போடுவார்கள் என்பது வார்டனுக்கே தெரியாத நாட்கள் உண்டு. ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை மட்டும் கொட்டினால் பயனில்லை. முட்டை வாளியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். வாளி அறைக்குள் இருந்தால் மூடி வேண்டும்.

கட்டிலுக்கு அடியில்

தரைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே 12 முதல் 15 அங்குலம் இருக்கும். உங்கள் அறையின் உண்மையான குடோன் அதுதான். அங்கே சக்கரம் உள்ள ஒரு பெட்டி, செருப்புக்கு ஒரு தட்டு, அவ்வளவே. பெட்டியை இழுத்தால் நேராக வெளியே வர வேண்டும். முன்னால் இன்னொன்றை நகர்த்திவிட்டுத்தான் எடுக்க முடியும் என்றால், அந்தப் பெட்டியைத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வரை நீங்கள் திறக்கப்போவதில்லை. அடைத்துக்கொண்டு கிடக்கும் பொருளுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்றும் தெரியாது.

தரைத்தள அறையில் இருப்பவர்கள் அக்டோபர் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் இரண்டு செங்கல் உயரம் தூக்கி வைத்துவிட வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரிலும் நகரத்தின் எத்தனையோ தரைத்தளங்களில் ராத்திரியில் தண்ணீர் நுழைந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்ததெல்லாம் முதல் அரை மணியிலேயே போயிற்று. மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் அசலை அறையில் வைக்கவே வேண்டாம். டிஜிலாக்கரில் ஏற்றிக்கொண்டு, கல்லூரி கேட்டால் மட்டும் அசலைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துப் போங்கள்.

இப்போது மூட்டைப்பூச்சி. விடுதிக்காரர் இல்லை என்றுதான் சொல்வார். சேரும் நாளில் மொபைல் டார்ச்சை அடித்துக் கட்டில் போல்ட் துளைகளையும் மெத்தைத் தையல் ஓரத்தையும் பாருங்கள். மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூச்சியின் எச்சம். ரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் ஜந்து அது. மே மாதம் முழுக்க அறை பூட்டிக் கிடந்ததால் செத்திருக்கும் என்று நம்பாதீர்கள். மெத்தையை மாடி வெயிலில் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். வெயில் மேல்துணியைத்தான் சுடும், உள்பஞ்சு வரை போகாது, பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளும். கட்டில் இரும்பு என்றால் மூலைகளில் கொதிக்கிற வெந்நீர் ஊற்றலாம். பெட்ஷீட், தலையணை உறையைச் சுடு தண்ணீரில் ஊற வைத்துத் துவைக்கலாம். மெத்தைக்குள் இருந்தால் விடுதிக்காரரிடம் மெத்தையை மாற்றச் சொல்வது ஒன்றே வழி. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் தொங்காமல் பார்த்துக்கொண்டால் பக்கத்துக் கட்டிலிலிருந்து அது ஏறி வருவதையாவது குறைக்கலாம்.

சுவர் தாங்காது, பீரோ தாங்கும்

ஒட்டுகிற கொக்கிகளை டஜன் கணக்கில் வாங்கி வருகிறார்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் அவை இரண்டு நாள்கூட நிற்பதில்லை, பெயின்டையும் பெயர்த்துக்கொண்டு விழுகின்றன. ஆணி அடித்தால் அட்வான்ஸில் பிடிப்பார்கள். ஆனால் அறையில் இன்னொரு சுவர் இருக்கிறது: இரும்பு பீரோவின் பக்கவாட்டு. ஆறடி உயரம், ஒன்றரை அடி அகலம், காந்தக் கொக்கி எல்லாம் கச்சிதமாகப் பிடிக்கும். சாவி, குடை, பை, டைம் டேபிள், கண்ணாடி, சீப்பு வைக்க ஒரு கிண்ணி எல்லாம் அங்கே போகட்டும். கனமான பையை ஜன்னல் கம்பியிலோ கட்டில் தலைமாட்டிலோ 'எஸ்' கொக்கி போட்டு மாட்டுங்கள்.

பீரோவுக்குள் ஒரு ஆளுக்கு ஒரு தட்டுதான் கிடைக்கும். மடித்து அடுக்கினால் அடியில் உள்ளதை எடுக்கும்போது கோபுரம் சரியும். சுருட்டி நிற்க வைத்தால் சரியாது. மற்றபடி துணி விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை, குறைவாகக் கொண்டுவாருங்கள். எவ்வளவு என்று கேட்டால், கோடம்பாக்கம் ஸ்டேஷன் மேம்பாலப் படியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஏற முடிகிற அளவு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டக்காரர்களுக்கு இந்த அளவு இன்னும் முக்கியம். மின்சார ரயிலில் தாம்பரம், அங்கிருந்து பஸ், அப்புறம்தான் ஊர் பஸ் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்த மூட்டையோடு இறங்கி ஏற வேண்டும்.

கரண்ட்

சுவரில் இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். அதற்குமேல் அது தாங்காது. லேப்டாப் 65 வாட், மொபைல் சார்ஜர் அதிலும் குறைவு, எத்தனை செருகினாலும் கவலையில்லை. இஸ்திரிப் பெட்டி 750 முதல் 1,000 வாட், தனியாக ஓடலாம். கெட்டில், வெந்நீர் ராடு 1,500 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை. இவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுகிறவர்களைப் பார்த்தால் அறை மாறிவிடுங்கள். விடுதிக்காரர் கூடாது என்று சொல்வதற்கு கரண்ட் பில் ஒரு காரணம், பிளைவுட் தடுப்பு இன்னொரு காரணம். அவர் இரண்டாவதைச் சொல்ல மாட்டார்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது. வாளி தளும்புகிற அறை இது. கட்டில் காலில் கேபிள் டை போட்டு ஓரடி உயரத்தில் கட்டிவிடுங்கள். சார்ஜ் ஏறும் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவதையும் நிறுத்துங்கள்.

தின்பண்டம், புத்தகம்

ஊரிலிருந்து வருகிற முறுக்கும் பருப்புப்பொடியும் பிளாஸ்டிக் கவரில் வந்தால் மறுநாள் எறும்பு, மூன்றாம் நாள் கரப்பான். எவர்சில்வர் சம்படம் இரண்டு போதும். நெய், ஊறுகாய் பாட்டில்களை ஒரு தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி நடுவில் வைப்பது நம் பாட்டிகள் செய்த ஏற்பாடு, இன்றும் அதைவிட நல்லது வரவில்லை. அந்தத் தண்ணீரைத் தினம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எறும்பை விரட்டிக் கொசுவை வளர்ப்பீர்கள். எறும்புச் சாக்பீஸ் கோட்டைத் தின்பண்டத் தட்டைச் சுற்றிப் போடாதீர்கள். அது விஷம்.

மேஜை வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதற்குப் பதில்? கட்டிலில் சம்மணம் போட்டு எழுத ஒரு மடக்குப் பலகை, கல்லூரி நூலகம், அதுவும் சாத்திவிட்டால் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். அங்கே சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு, ஏ.சி.யும் உண்டு. பரீட்சைக்கு முந்தைய வாரம் அறையில் மூன்று பேரும் படிக்க முடியும் என்று நினைப்பது கற்பனை. ஒருவர் சத்தமாகப் படிப்பார், ஒருவர் பாட்டு கேட்டுக்கொண்டே படிப்பார், ஒருவர் தூங்குவார். முடிந்த செமஸ்டர் புத்தகங்களைச் சேர்த்து வைக்காதீர்கள். அவை சில்வர் ஃபிஷ் பூச்சிக்கு விருந்து. திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடைகள் வாங்கவும் விற்கவும் இருக்கின்றன.

மூன்று பேர்

இதுவரை சொன்னதில் பாதி, மற்ற இருவரும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். இரண்டாம் மாதம் பேசினால் அது சண்டை. பேச வேண்டியவை கொஞ்சம்தான்: விளக்கு எத்தனை மணிக்கு அணைப்பது, ஃபேன் எத்தனையில் ஓடுவது, குப்பைக் கூடையை யார் என்றைக்குக் கொட்டுவது, கொடி யாருக்கு எந்த நாள். கொடிப் பேச்சு பெரும்பாலும் இப்படி ஆரம்பிக்கும்:

"அக்கா, செவ்வாயும் வெள்ளியும் கொடியை எனக்கு விட்டுடுங்க."

"எடுத்துக்கடி. ஆனா டவல் கணக்குல வராது, அது டெய்லி."

டவலைக் கணக்கில் சேர்க்காத ஒப்பந்தம் பத்து நாள் தாங்காது. ஆளுக்கு இரண்டடிக் கயிறு டவலுக்கு, மிச்சம் முறை வைத்து என்று பிரித்துவிடுங்கள். சீனியர் ஜன்னலோரக் கட்டிலை எடுத்துக்கொள்வது எழுதப்படாத சட்டம், அதை எதிர்த்து ஆற்றலை வீணாக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைக்கும் பொறுப்பும் ஜன்னலோரக் கட்டிலுக்கு உரியது என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரங்கநாதன் தெரு

வாங்குவதை முதல் நாளே வாங்காதீர்கள். ஒரு வாரம் அறையில் இருந்து பார்த்துவிட்டு, அளவுகளைப் போனில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள். கோடம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன் மாம்பலம்; இறங்கினால் ரங்கநாதன் தெரு. வார நாளில் காலை பதினோரு மணிக்குமுன் போங்கள், ஞாயிறு மாலையும் தீபாவளிக்கு முந்தைய மாதமும் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். நைலான் கயிறு, கிளிப்பு, காந்தக் கொக்கி, மூடி போட்ட வாளி, ஈரிழைத் துண்டு, சம்படம், கொசுவலை: பட்டியல் இவ்வளவுதான். கொசுவலை நான்கு மூலையும் கட்டுகிற பழைய பெட்டி வடிவமா, குடை மாதிரி விரிவதா என்று கட்டிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பின்னது இரும்புக் கட்டிலின் சட்டத்துக்குள் சரியாக உட்காராமல் ஓரத்தில் இடைவெளி விடும், கொசுவுக்கு அந்த இடைவெளி போதும். ஐந்தடுக்கு பிளாஸ்டிக் ரேக் கண்ணைப் பறிக்கும். 10-க்கு 10 அறையில் அது நான்காவது ஆள்.

ஏப்ரலில் காலி செய்யும்போது அறையை நான்கு பக்கமும், தரை, சுவர், குழாய் சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த நாளில் எடுத்த போட்டோவும் இருந்தால் அட்வான்ஸ் பேச்சு சீக்கிரம் முடியும். வாளி, கயிறு, கொக்கி, கொசுவலை எல்லாவற்றையும் அடுத்து வருகிற ஜூனியருக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிடலாம். சொந்தமாக மெத்தை வாங்கியிருந்தால் அதை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள். நீங்களும் யாரிடமும் பழைய மெத்தை வாங்காதீர்கள்.